கழுத்துக் கறுப்பு அழுக்கு இல்லை

கேள்வி: என் மகளுக்கு 16 வயது, பிளஸ் ஒன் படிக்கிறாள். 12 வயதில் பெரியவளானாள். இப்போதும் மாதவிலக்கு 50, 60 நாளைக்கு ஒருமுறைதான். போன வருஷம் நாலு மாதம் வரவே இல்லை. முகவாயில் முடி முளைக்கிறது. கழுத்துக் கறுப்பு பீர்க்கங்காய் நார் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. ஸ்கேனில் நீர்க்கட்டி என்றார்கள். எடை 68 கிலோ. பயந்துபோய் ராத்திரி சாப்பாட்டையே நிறுத்திவிட்டாள். கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்கிறார் என் மாமியார். என்ன செய்வது டாக்டர்?
– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: முதலில் அந்த நாரைத் தூரப் போடுங்கள். கழுத்து மடிப்பும் அக்குளும் வெல்வெட் மாதிரி தடித்துக் கறுப்பது, பெரும்பாலும் ரத்தத்தில் இன்சுலின் கூடுதலாக இருப்பதற்கு அடையாளம். தேய்த்தால் எரிச்சல்தான் மிச்சம்.

சர்க்கரையைத் தசைக்குள் அனுப்புவது இன்சுலின் வேலை. தசை அதன் பேச்சைக் கேட்காவிட்டால் கணையம் இன்னும் இன்னும் சுரந்து தள்ளும், ரத்தச் சர்க்கரை நார்மலாகவே இருக்கும், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் சினைப்பை அந்த இன்சுலினுக்கு நன்றாகவே காது கொடுக்கிறது. ஆண் ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கிறது, முட்டை பாதி வளர்ச்சியில் நின்றுவிடுகிறது. ஸ்கேனில் 'நீர்க்கட்டி' என்றது அப்படி நின்றுபோன முட்டைப் பைகளைத்தான், அறுத்து எடுக்கிற கட்டி இல்லை. இந்த வயதில் நல்ல சினைப்பையே பல பேருக்கு அப்படித்தான் தெரியும், அதனால் பெரியவளாகி எட்டு வருஷம் வரை ஸ்கேனை வைத்து பிசிஓஎஸ் (ஆண் ஹார்மோன் கூடி மாதவிலக்கு தள்ளிப்போகும் இந்தக் கோளாறு) என்று முடிவு செய்யக் கூடாது என்கிறது 2023-இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல். எனக்குச் சந்தேகம் வருவது ஸ்கேனால் இல்லை: மூன்று வருஷம் தாண்டியும் 35 நாளுக்குள் மாதவிலக்கு வராததும், முகவாய் முடியும்தான். டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்), தைராய்டு, புரோலாக்டின் (பால் சுரக்க வைக்கும் ஹார்மோன்), அப்புறம் 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் சர்க்கரை, இவற்றுக்கு மகப்பேறு மருத்துவரிடமோ ஹார்மோன் மருத்துவரிடமோ போங்கள்.

ராத்திரி பட்டினி வேண்டவே வேண்டாம். பட்டினி கிடந்தவள் மறுநாள் டியூஷனுக்குப் போகும் வழியில் பஃப்ஸும் பாட்டில் ஜூஸும் வாங்குவாள். தட்டில் சோற்றைக் குறைத்துச் சுண்டல், முட்டை, பொரியலைக் கூட்டுங்கள். தினமும் ஒரு மணி நேரம் மூச்சு வாங்க ஆடட்டும் (பிடி பீரியடைக் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்வது எனக்கும் தெரியும்). மூன்றரை கிலோ குறைந்தாலே பல பெண்களுக்கு மாதவிலக்கு ஒழுங்காகத் தொடங்கிவிடும். ஒல்லிப் பெண்களுக்கும் பிசிஓஎஸ் வரும் என்பதால் சாப்பாட்டைச் சொல்லி அவளைக் குத்திக் காட்டாதீர்கள்.

மெட்ஃபார்மினோ (சர்க்கரை நோய்க்குக் கொடுக்கும் மாத்திரை) ஹார்மோன் மாத்திரையோ எழுதினால் பயப்படாதீர்கள், கருத்தடை மாத்திரை என்று பெயர் இருப்பதால் பின்னாளில் குழந்தை பிறக்காது என்று அர்த்தமில்லை. மாதவிலக்கு மூன்று மாதத்துக்கு மேல் வராமலே இருந்தால் கர்ப்பப்பையின் உள்தோல் தடித்துக்கொண்டே போகும், அதை அப்படியே விடக் கூடாது. தாலி கட்டினால் இன்சுலின் இறங்காது, மாமியாரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

முகவாய் முடிக்கு த்ரெடிங் செய்துகொள்ளட்டும். அதனால் முடி அடர்த்தியாகாது.