டீ மாஸ்டரை ஏன் கொன்றீர்கள்?

கேள்வி: கூலிக்குக் கொலை செய்யும் ஒருவனைப் பற்றி நான் அனுப்பிய த்ரில்லர் கதையை ‘வேகம் அதிகம்’ என்று ஒரே வரி எழுதித் திருப்பிவிட்டீர்கள். த்ரில்லரில் வேகத்தைக் குறை சொல்லும் ஆசிரியரை இப்போதுதான் பார்க்கிறேன். ஆமை மாதிரி நகரும் வெளிநாட்டுப் படங்களைப் பார்த்துக் கெட்டுப்போய்விட்டீர்களா?
— ஒரு வாசகர், வீரவநல்லூர்

பதில்: கெட்டுப்போனது உண்மைதான். ஆனால் உங்கள் கதை திரும்பி வந்ததற்கு அது மட்டும் காரணமில்லை.

9 பக்கம், 11 கொலை. பக்கத்துக்கு ஒன்றேகால் பிணம். நாலாவது ஆள் விழுந்த பிறகு யார் செத்தார் என்று திருப்பிப் பார்க்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. எண்ணிக்கை மட்டும் மனதில் நின்றது, பந்தி இலை எண்ணுகிறவன் மாதிரி.

பிரெஞ்சு இயக்குநர் ழான் பியர் மெல்வில் 1967-ல் எடுத்த ‘லெ சமுராய்’ படத்தில் முதல் பத்து நிமிஷம் போல யாரும் வாயே திறப்பதில்லை. பாரிசில், சாம்பல் நிறத்தில் ஓர் அறை. கட்டிலில் ஒரு கூலிக் கொலைகாரன் படுத்துப் புகைவிடுகிறான். நடுவில் ஒரு கூண்டு, அதில் ஒரு சின்னக் குருவி விட்டுவிட்டுக் கத்துகிறது. அவ்வளவுதான். நீங்களாக இருந்தால் எழுந்து முறுக்கு வாங்கப் போயிருப்பீர்கள். ஆனால் பிற்பாடு, அவன் இல்லாத நேரத்தில் போலீஸ்காரர்கள் அறைக்குள் நுழைந்து ஒட்டுக்கேட்கும் கருவியை ஒளித்துவைத்துவிட்டுப் போகிறார்கள். அவன் திரும்பி வருகிறான். குருவி நிலைகொள்ளாமல் அடித்துக்கொள்கிறது. கூண்டைச் சுற்றி இறகு உதிர்ந்து கிடக்கிறது. அதைப் பார்க்கிறான். யாரோ வந்துபோயிருக்கிறார்கள் என்று அவனுக்கும் தெரிந்துவிடுகிறது, நமக்கும் தெரிந்துவிடுகிறது. துப்பாக்கி இல்லை, ஓட்டம் இல்லை, எனக்கு முதுகு சில்லிட்டுவிட்டது. முதலில் அந்தக் குருவியைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தோமே, அந்த நேரம் வீண்போகவில்லை. கடைசியில் வட்டியோடு திரும்பக் கிடைத்துவிட்டது.

(அந்தப் படத்தின் தொடக்கத்தில் சாமுராயின் தனிமையைப் பற்றி ஜப்பானிய நூலிலிருந்து எடுத்ததாக ஒரு மேற்கோள் வரும். அது மெல்வில் தானே எழுதிக்கொண்டது. உங்கள் கதையின் தலைப்பில் நிற்கும் ‘சித்தர் வாக்கு’ எந்தச் சித்தருடையது என்று நான் கேட்கப்போவதில்லை.)

இன்னொன்று. ஃபிரெடெரிக் ஃபோர்சித்தின் ‘டே ஆஃப் தி ஜாக்கல்’ நாவல் 1971-ல் வந்தது. அதில் குறி வைக்கப்படுகிறவர் பிரான்சின் அதிபர் தெ கோல். அவரோ 1970-ல் தம் வீட்டிலேயே இயற்கையாகச் செத்துப்போனவர். கொலை நடக்காது என்று தெரிந்தே ஜனங்கள் ராத்திரி முழுக்கக் கண்விழித்துப் படித்தார்கள். கொல்லக் கிளம்பியவன் பொய்ப் பாஸ்போர்ட் எப்படி வாங்குகிறான், ஊன்றுகோலுக்குள் துப்பாக்கி எப்படி அடங்குகிறது என்று அவன் வேலை செய்வதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மெதுவாகப் போகிற எல்லாமே உசத்தி என்று நான் சொல்லவரவில்லை. மின்விசிறி சுற்றுவதை நாலு நிமிஷம் காட்டிவிட்டு அதற்குக் கலை என்று பெயர் வைக்கிறவர்களும் உண்டு. அதற்கு என் வீட்டு மின்விசிறியே போதும், டிக்கெட் கிடையாது.

இப்போது நம்மூருக்கு வருவோம். உங்கள் ஆள் சித்திரை மாசம் ஓவர்கோட் மாட்டிக்கொண்டு, மூடுபனிக்குள் வீரவநல்லூர் ஸ்டேஷனில் இறங்குகிறான். கத்திரி வெயிலில் அந்தப் பிளாட்பாரத்தில் செருப்பில்லாமல் நின்றிருக்கிறீர்களா? பனியைப் பாரிசிலிருந்து இறக்குமதி செய்துவிட்டீர்கள், சரி. தனிமையையும் அங்கிருந்தே கொண்டுவந்துவிட்டீர்களே, வம்பு அங்கேதான்.

பாரிசில் ஒருவன் தனியாக இருக்க எதுவும் செய்யவேண்டாம், சும்மா இருந்தால் போதும். திருநெல்வேலிச் சீமையில் அது நடக்குமா? பேச்சு வழக்கிலேயே பாருங்கள், நாம் ‘கூலிப்படை’ என்கிறோம். ஒற்றை ஆளை நம் வாய் ஒத்துக்கொள்வதே இல்லை. சேரன்மகாதேவியிலோ கல்லிடைக்குறிச்சியிலோ முகம் தெரியாத ஒருவன் டீக்கடை பெஞ்சில் உட்காரட்டும். கிளாஸ் கைக்கு வருமுன் கேள்வி வந்துவிடும்.

“தம்பி, நமக்கு எந்தூரு?”

“அம்பை.”

“அம்பையில எங்கன?”

“பஸ் ஸ்டாண்டு பக்கம்.”

“அங்கதான் நம்ம மச்சினன் பலசரக்குக் கடை வச்சிருக்கான். நீங்க யாரு மகன்?”

இந்தக் கடைசிக் கேள்விக்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என்ன ஆளுக என்பதை நேராகக் கேட்காமல் அப்பன் பெயர், தெருப் பெயர், கும்பிடுகிற சாமி என்று சுற்றிவந்து பிடிப்பார்கள். பொய் சொன்னவன் ஒவ்வொரு பதிலுக்கும் இன்னும் இரண்டு பொய் தயாராக வைத்திருக்கவேண்டும். கடைசியாக வரும் பாருங்கள்:

“சரி, என்ன சோலியா வந்திருக்கிய?”

சோலி! ‘சோலியை முடிச்சிருவேன்’ என்று நாம் எதற்குச் சொல்கிறோம்? கேட்கிற அண்ணாச்சி வேலையைத்தான் கேட்கிறார். கேட்கப்பட்டவனுக்கு வேறு மாதிரிக் காதில் விழும். ஒரு சொட்டு ரத்தமில்லாமல் இதைவிடப் பெரிய த்ரில்லர் வேறென்ன வேண்டும் உங்களுக்கு?

இத்தாலி மலைக்கிராமத்தில் ஒளிந்துகொண்ட கொலையாளியைப் பற்றிய ‘தி அமெரிக்கன்’ (2010) படத்தில் ஜார்ஜ் கிளூனி தன்னைப் புகைப்படக்காரன் என்று சொல்லிக்கொள்வார். அந்த ஊர்ப் பாதிரியார் அவர் கையைப் பார்த்தே சந்தேகப்படுவார். எனக்கு அந்தப் பாதிரியார் நம்ம பக்கத்து ஆள் மாதிரிதான் தெரிந்தார்.

உங்கள் கதையிலும் அப்படி ஓர் இடம் வந்தது. நாலாம் பக்கம், மேலிருந்து ஆறாவது வரி. டீ மாஸ்டர் கிளாஸைக் கழுவிக் கவிழ்த்துவைத்துவிட்டு, “நேத்தும் இதே பெஞ்சுலதான இருந்திய?” என்று கேட்கிறார். நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஏழாவது வரியில் அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டீர்கள்.

அவர் உயிரோடு இருக்கட்டும். மற்ற பத்துப் பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். உங்கள் ஆள் அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொன்னான், மறுநாளும் அதே பெஞ்சில் உட்கார வேண்டியிருந்தால் என்ன செய்தான் என்று எழுதி அனுப்புங்கள். ஓவர்கோட்டைக் கழற்றிவிடுங்கள், பாவம், வேர்க்கும்.