வடகிழக்குக்கு முதல் தடவை கிளம்புகிறவர்களுக்கு: கேட்டதும் சொன்னதும்

வடகிழக்கு மாநிலங்களுக்குப் போவதைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்ததில் பாதிக் கேள்வி "எத்தனை நாளில் எல்லா மாநிலத்தையும் முடிக்கலாம்?" என்ற வகை. அதற்கெல்லாம் சேர்த்து ஒரே பதில்தான்: முடிக்க முடியாது, முயற்சியும் வேண்டாம். பத்து நாள் லீவு இருந்தால் இரண்டு ஊர், அதுவே அதிகம். மற்ற கேள்விகளுக்கு ஒவ்வொன்றாக வருகிறேன்.

திருப்பூர் தம்பி: அக்கா, வயசு 23, பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். ஊட்டி, கொடைக்கானல், ஒரு தடவை கோவா, அவ்வளவுதான். வடகிழக்குன்னா எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

உங்கள் கம்பெனியிலிருந்தே ஆரம்பிக்கலாம் தம்பி. தையல் செக்‌ஷனிலோ பேக்கிங்கிலோ அசாமிலிருந்து வந்த பையன் ஒருவனாவது இருப்பான். நாம் அவனையும் பீகார்க்காரரையும் ஒடிசாக்காரரையும் சேர்த்து "வடக்கன்" என்று ஒரே மூட்டையாகக் கட்டிப் போட்டுவிட்டு, அப்புறம் அவன் ஊரைப் பார்க்க ஏழாயிரம் ரூபாய்க்கு விமான டிக்கெட் எடுக்கிறோம். முதலில் அவனிடம் ஊர் எது, ஆறு எவ்வளவு தூரம், ஜனவரியில் எதற்கு லீவு கேட்கிறாய் என்று விசாரித்துப் பாருங்கள். நமக்குப் பொங்கல் வருகிற அதே நாட்களில் அவர்களுக்கு மாக் பிஹு என்கிற அறுவடைத் திருவிழா. முந்தின ராத்திரிக்கு உருக்கா என்று பெயர். அறுவடை முடிந்த வயலில் மூங்கிலும் வைக்கோலும் வைத்துக் குடிசை போட்டு, ஊரே கூடிச் சமைத்துச் சாப்பிட்டு, விடிகாலையில் மேஜி என்கிற பெரிய தீயை மூட்டி அந்தக் குடிசையையும் கொளுத்திவிடுவார்கள். போகியும் பொங்கலும் ஒரே ராத்திரியில் வந்த மாதிரி இருக்கும். நம் சித்திரை ஒன்றை ஒட்டித்தான் அவர்களுடைய ரொங்காலி பிஹுவும். ரெண்டு மாதம் பேசிப் பழகினால் அவனே வீட்டுக்குக் கூப்பிடுவான். கூப்பிட்டால் போய்விடுங்கள், அதைவிட நல்ல ஏற்பாட்டை எந்த டூர் ஏஜென்டும் செய்து தர முடியாது.

போவதற்கு விவேக் எக்ஸ்பிரஸ் இருக்கிறது. கன்னியாகுமரியிலிருந்து அசாமின் திப்ரூகர் வரை ஏறத்தாழ 4,200 கிலோமீட்டர், இந்தியாவிலேயே மிக நீண்ட தூரம் ஓடும் ரயில். கேரளா சுற்றி கோவை, ஈரோடு, சேலம் வழியாக வருகிறது. குவாஹாத்திக்கு ஸ்லீப்பரில் ஆயிரம் ரூபாய்ப் பக்கம் ஆகும். 60 நாளுக்கு முன்னால் முன்பதிவு திறந்த அன்றே போட்டுவிடுங்கள், ஏனென்றால் கேரளாவிலும் கொங்கு நாட்டிலும் வேலை செய்கிறவர்கள் ஊருக்குப் போகிற வண்டியே அதுதான். எதிர் சீட்டில் உட்காருகிறவர் பெரும்பாலும் வீடு திரும்பும் தொழிலாளியாக இருப்பார். இரண்டு ராத்திரிக்கு மேல் சேர்ந்தே உட்கார்ந்திருக்கப் போகிறீர்கள், ஹெட்போனைக் கொஞ்சம் கழற்றி வையுங்கள்.

மூன்றாமாண்டு மெக்கானிக்கல்: இந்தி சுத்தமா தெரியாது. சமாளிக்க முடியுமா?

தாராளமாக. நாகாலாந்தின் ஆட்சிமொழியே ஆங்கிலம்தான், மேகாலயா தலைநகர் ஷில்லாங்கிலும் கடை, டாக்சி எல்லாம் ஆங்கிலத்தில் ஓடும். அசாமின் உள்கிராமங்களில்தான் கொஞ்சம் சிரமம், அங்கே உங்கள் இந்தி மட்டுமில்லை, டெல்லிக்காரர் இந்தியும் பாதிதான் செல்லும். நாகாலாந்தில் ஒவ்வொரு பழங்குடிக்கும் தனி மொழி. பக்கத்து மலைக்காரர்களோடு பேச, அசாமியை ஒட்டி உருவான நாகாமீஸைப் பயன்படுத்துகிறார்கள். இந்தி தெரியாத இந்தியர் என்றால் அங்கே யாரும் புருவம் உயர்த்த மாட்டார்கள், நமக்கு அது ஒரு சௌகரியம்.

காரைக்குடி பொண்ணு, 22: அம்மா ஒரே பேச்சா வேண்டாங்கிறாங்க. "கல்யாணத்துக்கு அப்புறம் புருஷனோட போ"ங்கிறாங்க. தனியா போறது நிஜமாவே பாதுகாப்பா?

அம்மாவிடம் புள்ளிவிவரம் பேசி ஜெயித்தவர் யாரும் இல்லை, அந்த வழியை விட்டுவிடுங்கள். எந்த வீட்டில் தங்குகிறாய், அந்த வீட்டுப் பெண்மணி பெயர் என்ன, போன் நம்பர் என்ன என்பதைக் கொடுத்து, கிளம்புவதற்கு முன்பே அவரோடு ஒரு வீடியோ கால் போட்டுக் காட்டுங்கள். இரண்டு அம்மாக்களும் பொது மொழியே இல்லாமல் "சாப்பாடு, சாப்பாடு" என்று சைகை காட்டிப் பேசிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். பாதி எதிர்ப்பு அங்கேயே கரைந்துவிடும்.

முதல் பயணத்துக்கு மேகாலயாவைத்தான் சொல்வேன். ஷில்லாங்கின் பழைய சந்தையான யூதூவில் கடை வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பெண் தனியாக நடப்பதை நின்று வேடிக்கை பார்க்கிற வழக்கம் நம் ஊர் பஸ் ஸ்டாண்டுகளைவிட அங்கே எவ்வளவோ குறைவு. அதற்காக அஜாக்கிரதை வேண்டாம். குவாஹாத்தியிலிருந்து ஷில்லாங் சுமார் 100 கிலோமீட்டர், ஷேர் சுமோ கிடைக்கும், மதியத்துக்குள் ஏறிவிடுங்கள். அந்தப் பக்கம் சூரியன் நமக்கு முன்னால் எழுந்து முன்னாலேயே படுத்துவிடும், டிசம்பரில் நாலரைக்கே இருட்டு. நாடு முழுக்க ஒரே கடிகாரம் என்பதால் வருகிற தொல்லை இது. அசாம் தேயிலைத் தோட்டங்களில் வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்து வேலை செய்கிறார்கள். ஆகவே ஆறு மணிக்கு எழுந்து, இருட்டுவதற்குள் தங்குமிடம் சேர்வது என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கும் அந்த அட்டவணை பிடிக்கும்.

அதே காரைக்குடி பொண்ணு: மேகாலயாவில் சொத்தெல்லாம் பொண்ணுங்களுக்குத்தான்னு சொல்றாங்களே, அங்கே பொண்ணுங்க ராஜ்ஜியமா?

காசி என்பது அங்கே ஒரு பழங்குடி, வாரணாசிக் காசி இல்லை. அந்தக் காசி இனத்தில் பிள்ளைகள் அம்மாவின் குலப்பெயரைத்தான் போட்டுக்கொள்வார்கள். பூர்வீக வீடு கடைசி மகளுக்கு. கூடவே வயதான அப்பா அம்மா, கல்யாணம் ஆகாத அண்ணன்மார், குடும்பச் சடங்கு எல்லாப் பொறுப்பும் அவள் தலையில்தான். குடும்ப விஷயத்தில் தாய்மாமன் பேச்சுக்குப் பெரிய எடை. தாய்மாமன் வராமல் காதுகுத்து நடக்காத ஊரிலிருந்து போகிறவர்களுக்கு இது புரியக் கஷ்டமே இல்லை. ஆனால் ஊர்ச் சபை பல தலைமுறைகளாக ஆண்கள் கையில்தான் இருந்து வந்திருக்கிறது, அதனால் "பெண்கள் ராஜ்ஜியம்" என்று ரீல்ஸில் சொல்வதை நம்பிப் போகாதீர்கள். சொத்து வழக்கத்தை மாற்ற வேண்டும் என்று வாதாடுகிற காசி ஆண்களும் உண்டு. இரண்டு பக்கமும் கேட்டுப் பாருங்கள், சாயங்காலம் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்தால் அவர்களே சண்டை போட்டுக் காட்டுவார்கள்.

வீட்டுக்குள் போனதும் குவாய் தருவார்கள். பாக்கு, வெற்றிலை, சுண்ணாம்பு, நம்முடையதேதான். ஆனால் பாக்கு பச்சையாக, ஊறியதாக இருக்கும். பழக்கமில்லாதவருக்கு ஒரு நிமிஷத்தில் காது சூடாகி வியர்த்துக் கொட்டும், தலையும் லேசாகச் சுற்றும். பயப்பட வேண்டாம், பாதியாகக் கிள்ளி வாங்கிக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் ஓர் ஊர் எவ்வளவு தூரம் என்பதைக்கூட வழியில் எத்தனை குவாய் மெல்லலாம் என்று கணக்கிட்டுத்தான் சொல்வார்களாம்.

சைவம் மட்டும்: முட்டைகூட சாப்பிட மாட்டேன். பட்டினியா?

பட்டினி இல்லை, அலுப்பு. சோறு, பருப்பு, உருளைக்கிழங்கு, கீரை கிடைக்கும், ஷில்லாங், குவாஹாத்தியில் மார்வாரி சாப்பாட்டுக் கடைகளும் உண்டு. அசாமில் கார் என்று ஒரு பதார்த்தம், வாழைப்பழத் தோலை எரித்த சாம்பலை நீரில் ஊறவைத்து வடிகட்டி அந்த நீரில் பப்பாளிக்காய் மாதிரி எதையாவது சமைப்பது. மீன் சேர்க்காமலும் செய்வார்கள், கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள். ஒன்றே ஒன்றுதான் சொல்வேன்: நாகா வீட்டில் புளித்த சோயா வாசனையோ உலர்ந்த பன்றிக்கறி வாசனையோ வந்தால் மூக்கைப் பொத்தாதீர்கள். டெல்லியில் இதைச் சமைத்ததற்காகவே வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லி அவமானப்பட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். நம் வீட்டுக் கருவாடு பக்கத்து ஃபிளாட்டில் என்ன பாடு படுத்துகிறது என்பது நமக்குத் தெரியாததா?

ஹார்ன்பில் ஃபேன்: டிசம்பர் ஹார்ன்பில் திருவிழாவுக்குப் போகணும். பர்மிட் எப்படி?

நாகாலாந்து, அருணாச்சல், மிசோரம், மணிப்பூர் நான்குக்கும் இன்னர் லைன் பர்மிட், அதாவது வெளி மாநிலத்தவர் உள்ளே போவதற்கான அனுமதிச் சீட்டு, வேண்டும். 1873இல் வெள்ளைக்காரன் போட்ட சட்டத்தின் மிச்சம், ஆனால் இன்றைக்கு அந்த மக்களே தங்கள் நிலத்துக்குப் பாதுகாப்பாக அதைக் கேட்டு வைத்திருக்கிறார்கள், அதனால் கவுன்டரில் நின்று "நம்ம நாட்டுக்குள்ளேயே விசாவா" என்று புலம்பாதீர்கள். ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம். அசாம், மேகாலயா, திரிபுராவுக்கு இது தேவையில்லை.

திருவிழா டிசம்பர் 1 முதல் 10 வரை, நாகாலாந்து தலைநகர் கொஹிமாவுக்குப் பக்கத்தில் கிசாமாவில். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அது அரசு 2000இல் ஆரம்பித்த சுற்றுலா விழா, அறை வாடகை பல மடங்கு ஏறும், ஆட்டம் ஆடுகிறவரைவிடக் கேமரா அதிகம். நான் சொல்வது, கூட்டம் வடிந்த பிறகு போய் கோனோமா கிராமத்தில் நான்கு நாள் தங்குங்கள். அங்காமி நாகர்களின் ஊர், 1879இல் ஆங்கிலேயரை எதிர்த்து நின்ற கோட்டை. வேட்டையே வாழ்க்கையாக இருந்த அந்த மக்கள் 1998இல் தாங்களாகவே தங்கள் காட்டில் வேட்டையை நிறுத்தினார்கள். ஏன் நிறுத்தினோம் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்க வேண்டும். கொஹிமாவில் போர்க் கல்லறையையும் பாருங்கள். 1944இல் ஜப்பானியரோடு சண்டை நடந்த டென்னிஸ் மைதானத்தின் கோடுகளை அப்படியே குறித்து வைத்திருக்கிறார்கள். எரியூட்டப்பட்ட இந்து, சீக்கிய வீரர்கள் 917 பேரின் நினைவுச் சின்னமும் அங்கேதான். ஞாயிற்றுக்கிழமை எல்லாம் மூடியிருக்கும், சனிக்கிழமையே தண்ணீர் பாட்டில், பிஸ்கட் வாங்கி வையுங்கள். நாகாலாந்தில் மதுவிலக்கு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

வரலாறு பைத்தியம்: மணிப்பூர் மோரேயில் தமிழர் இருக்காங்களாமே, போய்ப் பார்க்கலாமா?

இருக்கிறார்கள். 1962இல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்து கடை கண்ணியெல்லாம் நாட்டுடைமை ஆனபோது அகதியாகத் தமிழ்நாட்டுக்கு வந்தவர்களில் சிலர், இங்கே ஒட்ட முடியாமல் தரை வழியாகவே பர்மாவுக்குத் திரும்பக் கிளம்பினார்கள். எல்லையில் தடுக்கப்பட்டு மோரேயிலேயே தங்கிவிட்டார்கள். தமிழ்ச் சங்கமும் அங்காள பரமேஸ்வரி கோயிலும் அப்படி வந்தவை. ஆனால் 2023 மே மாதக் கலவரத்துக்குப் பிறகு மணிப்பூர் பழைய மாதிரி இல்லை, இப்போதைக்கு வேண்டாம். துயரத்தில் இருக்கிற ஊருக்கு வேடிக்கை பார்க்கப் போவது நன்றாகவும் இருக்காது.

தாய்லாந்தே போலாமே: அதே காசில் பாங்காக் போயிட்டு வந்துடலாம்ல?

போகலாம், யார் தடுத்தார்கள்? ஆனால் பாங்காக்கில் நீங்கள் வாடிக்கையாளர். மேகாலயாவின் நோங்ரியாட் கிராமத்தில் விருந்தாளி. அந்த ஊருக்கு ரோடு கிடையாது, திர்னாவிலிருந்து மூவாயிரத்துக்கு மேற்பட்ட படி இறங்க வேண்டும். நாம் முட்டி நடுங்க நிற்கும்போது, ஊர்க்காரர் நெற்றிப் பட்டையில் கூம்புக் கூடையைத் தொங்கவிட்டு அரிசி மூட்டையோடு கடந்து போவார். கீழே ரப்பர் மரத்தின் உயிருள்ள வேர்களைப் பாக்கு மரத் தண்டுக்குள் விட்டு ஆற்றுக்கு அந்தப் பக்கம் இழுத்து வளர்த்த பாலம், ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு அடுக்கு. வேர் உறுதியாகி ஆள் நடக்கப் பதினைந்து இருபது வருஷமாவது ஆகும், வயதானவர் ஆரம்பித்து வைத்தால் அவர் நடந்து பார்ப்பாரா என்பதே சந்தேகம். அதைப் பார்த்துவிட்டு அன்றைக்கே ஏறி ஓடி வருகிறவர்கள் ஏராளம். அங்கேயே ஒரு வீட்டில் இரண்டு ராத்திரி தங்குங்கள், ஆயிரம் ரூபாய்க்குள் படுக்கையும் சாப்பாடும் கிடைக்கும். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை மட்டும் தவிர்த்துவிடுங்கள், உலகத்திலேயே அதிகம் மழை பெய்கிற பகுதி அது.

ஒரு அப்பா: பையனுக்கு இப்போதான் வேலை கிடைச்சிருக்கு. ஊர் சுத்தினா என்ன பிரயோஜனம்மா?

ரெஸ்யூமேயில் போட ஒன்றும் கிடைக்காதுங்க ஐயா, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நாளைக்கு அவர் டீமில் ஒரு மிசோ பெண்ணோ நாகா பையனோ சேரும்போது "சைனாவா?" என்று கேட்காத ஒரு ஆளாகவாவது இருப்பார். செலவுதான் கவலை என்றால், 18 முதல் 30 வயது வரை உள்ளவர்களை வேறு மாநிலத்துக்கு அழைத்துப் போகும் யுவ சங்கம் என்ற மத்திய அரசுத் திட்டம் 2023இலிருந்து இருக்கிறது. அறிவிப்பு வரும்போது விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

கேமரா வாங்கிட்டேன்: நாகாலாந்துல கொன்யாக் இனத் தாத்தாக்கள், முகத்தில் பச்சை குத்தினவங்க, போட்டோ எடுக்கலாமா?

கேட்டு எடுங்கள், முதல் நாளே கேட்காதீர்கள். எதிரியின் தலையை வெட்டி எடுத்து வந்த தலை வேட்டைக் காலத்தைப் பார்த்த கடைசித் தலைமுறை அவர்கள், வாரம் நான்கு பேர் வந்து அதே கதையைக் கேட்டு அலுத்துப் போயிருப்பார்கள். பேரன் என்ன படிக்கிறான், இந்த வருஷம் ஏலக்காய் என்ன விலை என்று பேசிப் பாருங்கள். காசு கேட்டால் கொடுங்கள், அதில் தப்பில்லை. அவர் முகத்தை வைத்து உங்களுக்கு லைக் வருகிறது இல்லையா?

லீவு பத்து நாள்: ரிட்டர்ன் டிக்கெட் எப்போ போடலாம்?

ஆபீஸில் சேர வேண்டிய நாளுக்கு இரண்டு நாள் முன்னால் ஊர் வந்து சேரும்படி போடுங்கள். அந்தப் பக்கத்து ரயில் பல மணி நேரம் தாமதமாவது சாதாரணம், மலைப்பாதையில் மண் சரிந்தால் சுமோ அங்கேயே நிற்கும், ஓட்டுநர் இறங்கி பீடி பற்றவைத்துவிடுவார். நீங்கள் மேனேஜருக்கு மெயில் போட்டு ஆகப் போவது ஒன்றுமில்லை, சிக்னலும் இருக்காது.