கழுவிய ஏர் ஃபில்ட்டரும் ஹேர் டிரையரும்

கேள்வி: என் காருக்குக் கழுவிப் பயன்படுத்தும் ஏர் ஃபில்ட்டர் வாங்கியிருந்தேன். முதல் முறையாக அதைக் கழுவி, அவசரத்துக்கு ஹேர் டிரையரால் காயவைத்து, எண்ணெயைத் தாராளமாகத் தெளித்து மாட்டினேன். மறுநாள் எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரிகிறது. ஃபில்ட்டர் தரமற்றதா? திருப்பிக் கொடுக்கலாமா?

பதில்: முதலில் பானெட்டைத் திறந்து, ஃபில்ட்டர் பெட்டியின் மூடி சரியாகப் பொருந்தியிருக்கிறதா, கழற்றிய சென்சார் இணைப்பைத் திரும்பச் செருகினீர்களா என்று பாருங்கள். பல நேரங்களில் கோளாறு அங்கேயே முடிந்துவிடும்.

அவை சரியாக இருந்தால், என் சந்தேகம் உங்கள் "தாராளமாக" என்ற சொல்லின் மேல்தான். பல கார்களில் ஃபில்ட்டரைத் தாண்டியதும் உள்ளே போகும் காற்றை அளக்கும் சென்சார் இருக்கிறது. சூடேறிய மெல்லிய கம்பியோ தகடோ எவ்வளவு குளிர்கிறது என்பதை வைத்து அது கணக்கிடுகிறது. மிகுதி எண்ணெய் அதன்மேல் படிந்தால் கணக்கு பிசகி, எரிபொருளின் அளவும் பிசகும். அதற்கென்றே விற்கும் தெளிப்பானால் மெக்கானிக்கிடம் சுத்தம் செய்துகொள்ளுங்கள். துணியால் துடைத்தால் கம்பி போய்விடும்.

இனி காயவைப்பது. உங்களுடைய ஃபில்ட்டர் எண்ணெய் பூசிப் பயன்படுத்தும் பருத்தி வகை. வெப்பக்காற்று பருத்தியைச் சுருக்கும். சுற்றியுள்ள ரப்பர் சட்டத்தையும் கெடுக்கலாம். கம்ப்ரஸர் காற்று இழைகளைக் கிழித்துவிடும். தண்ணீரை உதறிவிட்டு, காற்றோட்டமான நிழலில் நிறுத்திவையுங்கள். தொட்டுப் பார்த்தால் மேற்பரப்பு காய்ந்தது போலத் தோன்றும். மடிப்பின் அடியில் ஈரம் ஒளிந்திருக்கும். ஓரிரவு விட்டுவிடுவதே நிம்மதி. ஈரத்தின் மேல் பூசிய எண்ணெய் பருத்தியில் ஊறாமல் திட்டுத்திட்டாக நிற்கும். ஈர ஃபில்ட்டரை அப்படியே மாட்டினாலோ, காற்று நுழையவே சிரமப்படும்.

நன்றாகக் காய்ந்த பிறகு ஒவ்வொரு மடிப்பின் முகட்டிலும் ஒரு கோடு எண்ணெய் போதும். இருபது, முப்பது நிமிடம் ஊறட்டும். வெளுத்த இடம் தெரிந்தால் அங்கே மட்டும் இன்னும் கொஞ்சம். எண்ணெய்க்குச் சாயம் ஏற்றியிருப்பதே இதைக் கண்ணால் பார்க்கத்தான். கழுவும்போதும் ஒரு விஷயம்: குறைந்த அழுத்தத் தண்ணீரைச் சுத்தமான பக்கத்திலிருந்து அழுக்குப் பக்கம் நோக்கி விடுங்கள். மாற்றி விட்டால் தூசி உள்ளே ஆழமாகப் புகும்.

திருப்பிக் கொடுப்பது பற்றி: ஃபில்ட்டரை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். ஊசித்துளையோ, சட்டத்திலிருந்து பிரிந்த ஒட்டுதலோ தெரிந்தால் அதை இனி மாட்டக் கூடாது. விற்றவரிடம் கேட்டுப் பாருங்கள். ஆனால் கையேடு வெப்பத்தில் காயவைக்காதே என்று சொல்லியிருந்தால், உத்தரவாதம் கேட்டு வாதாடுவது கடினம்.

கேள்வி: எண்ணெய் தேவைப்படாத வகையும் கிடைக்கிறதாமே? அதை வாங்கியிருக்கலாமோ?

பதில்: கிடைக்கிறது, செயற்கை இழையால் ஆனது. சென்சாரில் எண்ணெய் படியும் வம்பு அதில் இல்லை. உங்களைப் போல அவசரக்காரருக்கு அதுவே பொருத்தம். ஆனால் அதையும் கழுவினால் காயவைத்தே ஆக வேண்டும். ஆகவே எந்த வகையை வாங்கினாலும் பழைய காகித ஃபில்ட்டர் நல்ல நிலையில் இருந்தால் தூக்கி எறியாதீர்கள். கழுவியது காயும்வரை அதை மாட்டிக்கொண்டு ஓட்டலாம். அதைக் கழுவிவைக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள்.