கல்லீரல் கட்டி: எந்த ஸ்கேன் எடுப்பது? வாசகர் கேள்வி-பதில்

பத்து வருடமாக ஹெபடைட்டிஸ் பி இருக்கிறது. ஆண், வயது 46. வருடத்துக்கு ஒரு சி.டி. எடுத்தால் போதுமா?

சி.டி. வேண்டாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட், கூடவே ஏ.எஃப்.பி. என்ற ரத்தப் பரிசோதனை. ஏ.எஃப்.பி. நார்மல்தானே என்று ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள். கல்லீரல் புற்றுநோய் வந்தவர்களிலேயே சுமார் மூன்றில் ஒருவருக்கு அது ஏறுவதில்லை. வெறும் வயிற்றில் போங்கள், பழைய படங்களையும் எடுத்துப் போங்கள்.

2 செ.மீ. ஹெமாஞ்சியோமா என்கிறார்கள். புற்றுநோயாக மாறுமா?

மாறாது, அது ரத்தக்குழாய்களால் ஆன சாதாரணக் கட்டி. சிரோசிஸோ (கல்லீரல் தழும்பேறி இறுகுவது) வேறு புற்றுநோயோ உங்களுக்கு இருந்தால் மட்டும், அது ஹெமாஞ்சியோமாதானா என்று கான்ட்ராஸ்ட் (படத்தில் வித்தியாசம் தெரிய ஊசியில் போடும் மருந்து) எம்.ஆர்.ஐ.யில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

அப்பாவுக்கு சிரோசிஸ். அல்ட்ராசவுண்டில் கட்டி தெரிந்து சி.டி.யும் எடுத்தாயிற்று. 'சந்தேகம், மேற்கொண்டு ஆராயவும்' என்று ரிப்போர்ட். ஃபிலிமை போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

போட்டோவில் கல்லீரலின் வலது பக்கம் முழுக்க டியூப்லைட் வெளிச்சம் விழுந்திருக்கிறது. இதை வைத்து யாராலும் எதுவும் சொல்ல முடியாது. படங்கள் உள்ள டிஸ்க்கைக் கேட்டு வாங்குங்கள் என்று எத்தனை முறை எழுதுவது?

ஆனால் உங்கள் விஷயத்தில் டிஸ்க் வந்தாலும் பெரிய பயன் இல்லை. ரிப்போர்ட்டின் முதல் வரியைப் படியுங்கள்: கான்ட்ராஸ்ட் ஊசி போட்டு, 70 வினாடியில் ஒரே ஒரு முறைதான் படம் எடுத்திருக்கிறார்கள். சிரோசிஸ் உள்ளவரிடம் கட்டி தேடும்போது இது போதவே போதாது.

கல்லீரலுக்குப் போகும் ரத்தத்தில் முக்கால் பங்கு போர்ட்டல் சிரை வழியாக வருகிறது, கால் பங்குதான் தமனி வழியாக. கல்லீரலிலேயே பிறக்கும் புற்றுக்கட்டியோ பெரும்பாலும் தமனி ரத்தத்தில்தான் வளர்கிறது. அதனால் ஊசி போட்டு சுமார் 35 வினாடியில் கட்டி மட்டும் பளிச்சென்று வெளுத்துத் தெரியும். 70 வினாடிக்குள் சுற்றியுள்ள கல்லீரலும் வெளுத்துவிடும், கட்டி அதற்குள் கரைந்து காணாமல் போகலாம். மூன்றாம் நிமிடத்தில் கட்டி கறுத்து, ஓரத்தில் மெல்லிய வெள்ளை வளையம் தெரியும். முதலில் வெளுத்து அப்புறம் கறுக்கிறது என்று தெளிவாகத் தெரிந்துவிட்டால், சிரோசிஸ் உள்ளவருக்குப் பெரும்பாலும் பயாப்ஸிகூட வேண்டியதில்லை. ஒரே ஒரு படத்தில் இதை எப்படிப் பார்ப்பது?

ஸ்கேன் சென்டரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். சீட்டில் 'சி.டி. வயிறு' என்று மட்டும் இருந்தால் டெக்னீஷியன் வழக்கமான படத்தைத்தான் எடுப்பார். 'சிரோசிஸ், கட்டி சந்தேகம், டிரிபிள் ஃபேஸ்' (மேலே சொன்ன மூன்று நேரங்களிலும் படம் எடுப்பது) என்று டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். கட்டி 2 செ.மீ.க்குக் கீழே என்றால் டைனமிக் எம்.ஆர்.ஐ.யே (இப்படி அடுத்தடுத்த நேரங்களில் எடுக்கும் எம்.ஆர்.ஐ.) என் தேர்வு. வயிற்றில் நீர் கோத்து மூச்சைப் பிடிக்க முடியாதவர் என்றால் டிரிபிள் ஃபேஸ் சி.டி. போதும், அசைவில் கலங்கிய எம்.ஆர்.ஐ. எதற்கும் உதவாது. கிரியேட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்துவிட்டு இந்த வாரமே போங்கள்.

நேராக பெட் ஸ்கேன் எடுத்துவிடலாமா? விலை அதிகம்தான், ஆனால் எல்லாம் தெரியுமாமே?

விலையை வைத்து ஸ்கேனைத் தேர்ந்தெடுக்காதீர்கள். கல்லீரலிலேயே பிறக்கும் புற்றுநோயில் ஏறக்குறைய பாதி, வழக்கமான பெட்டில் ஒளிர்வதில்லை. பெட்டுக்காக ஊசியில் போடும் ஒளிரும் சர்க்கரையை அந்த செல்கள் பிடித்து வைக்காமல் வெளியே விட்டுவிடுகின்றன. வேறு உறுப்பிலிருந்து பரவிய புற்றுக்கு பெட் நன்றாகவே உதவும்.

கிரியேட்டினின் 2.1. கான்ட்ராஸ்ட் போடலாமா?

நீங்களாக முடிவு செய்யாதீர்கள். ஊசிக்கு முன்பே ரேடியாலஜிஸ்ட்டிடம் ரிப்போர்ட்டைக் காட்டுங்கள். கான்ட்ராஸ்ட் அல்ட்ராசவுண்ட் என்று ஒன்று உண்டு. அதில் போடும் வாயுக்குமிழிகள் மூச்சோடு வெளியேறிவிடும், சிறுநீரகத்துக்குச் சுமை இல்லை.

பெருங்குடல் புற்றுக்கு அறுவை சிகிச்சை முடிந்தது. இப்போது கல்லீரலில் இரண்டு புள்ளிகள். அவற்றை வெட்டி எடுக்கலாம் என்கிறார்கள்.

கத்தி வைப்பதற்கு முன் கல்லீரலுக்கான கான்ட்ராஸ்ட் போட்டு எம்.ஆர்.ஐ. எடுங்கள். சி.டி.யில் இரண்டாகத் தெரிந்தது அதில் நாலாகலாம், அறுவைத் திட்டமே மாறிவிடும். கீமோ தொடங்குவதாக இருந்தால் அதற்கு முன்பே எடுங்கள், கீமோவில் சுருங்கிய புள்ளிகளை அப்புறம் தேடிக் கண்டுபிடிப்பது கஷ்டம். முதல் அறுவைக்கு முன் எடுத்த சி.டி. டிஸ்க்கையும் கையோடு கொண்டுபோங்கள்.