வேலியோரக் காட்டு சூரியகாந்தி உரமாகுமா?

கோத்தகிரிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "தேயிலைத் தோட்ட வேலியில் காட்டு சூரியகாந்தி ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து கிடக்கிறது. வெட்டி கேரட், பீன்ஸ் பாத்திக்குத் தழையுரமாகப் போடலாமா? மண் கெட்டுவிடும் என்கிறார்கள்."

தாராளமாகப் போடலாம். மெக்சிகோ, மத்திய அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட டித்தோனியா பேரினத்துச் செடி இது. மேற்குக் கென்யாவில் சிறு விவசாயிகளின் நிலங்களில் இதைத் தழையுரமாகப் போட்டு நிறைய ஆய்வு செய்திருக்கிறார்கள். காய்ந்த இலையில் தழைச்சத்து (நைட்ரஜன்) சுமார் 3.5 சதவீதம், சாம்பல்சத்து (பொட்டாசியம்) 4 சதவீதம். சென்ட்டுக்கு 100 கிலோ பச்சைத்தழை போட்டால், ஏறக்குறைய ஒரு கிலோ யூரியாவில் உள்ள தழைச்சத்து கிடைத்துவிடும்.

ஆனால் எதை வெட்டுகிறீர்கள் என்பதுதான் முக்கியம். பூக்கும் முன்பே இலையையும் இளந்தண்டையும் மட்டும் எடுங்கள். தண்டை வளைத்தால் பட்டென்று ஒடிய வேண்டும். நார் உரிந்து தொங்கினால் முற்றிவிட்டது என்று அர்த்தம். முற்றிய தண்டு மட்கும்போது மண்ணில் இருக்கிற தழைச்சத்தையும் இழுத்துக்கொள்ளும், பயிர் வெளிறிப்போகும். ஈர மண்ணில் கிடந்தால் வேர்விட்டுப் பாத்தியிலேயே முளைக்கவும் செய்யும்.

பொடியாக நறுக்கி, மண்ணோடு கொத்திவிட்டு, இரண்டு வாரம் பொறுத்து பீன்ஸ் ஊன்றுங்கள். பச்சை இலைச்சாறு விதை முளைப்பைத் தடுக்கக்கூடியது, அதனால் அவசரம் வேண்டாம். கேரட்டுக்குப் பச்சையாகவே போடாதீர்கள். சாணத்தோடு குவித்து நன்றாக மட்க வைத்துப் போடுங்கள், இல்லாவிட்டால் கிழங்கு கிளைத்துக் கோணிவிடும்.

மண் கெடும் என்ற பேச்சில் ஓரளவு நியாயம் உண்டு. கெடுவது பாத்தி மண் அல்ல, வேலியோர மண். இது அவரை, தட்டைப்பயறு போல வேர்முடிச்சு வைத்துக் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்கிற செடி கிடையாது. நிற்கிற இடத்துச் சத்தை உறிஞ்சித்தான் இலை விடுகிறது. ஒரே இடத்தில் வருஷக்கணக்கில் வெட்டினால் அங்கே மண் மெலியும். அதனால் இடம் மாற்றி மாற்றி வெட்டுங்கள்.

அப்புறம் மணிச்சத்து (பாஸ்பரஸ்). மற்ற இரண்டு சத்துகளோடு பார்த்தால் அது இந்தத் தழையில் குறைவு. நீலகிரியின் புளிப்பான செம்மண்ணோ இருக்கிற மணிச்சத்தையும் கட்டிப்போட்டுவிடும். தழையோடு ராக் பாஸ்பேட் (மணிச்சத்துள்ள பாறைப் பொடி) சேர்த்துக் கொத்துங்கள். புளிப்பு மண்ணில் அது மெல்லக் கரைந்து பயிருக்குப் போகும்.

இது தானாகப் பரவும் செடி, அதனால் உரத்துக்கென்று புதிதாக நட்டுவிடாதீர்கள். சோலைக்காட்டை ஒட்டிய நிலமாக இருந்தால், அங்கே நிற்பதையும் விதை பிடிக்கும் முன் வெட்டிவிடுங்கள்.