கப்பல் வேலைக்காக நகையை அடகு வைக்கலாமா? ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். கேட்டரிங் டிப்ளமோ முடித்த உங்கள் மகன் மதுரையில் ஓர் ஓட்டலில் பதினான்காயிரம் ரூபாய்ச் சம்பளத்தில் இருக்கிறார். வெளிநாட்டுச் சொகுசுக் கப்பலில் அறைப் பணியாளர் வேலை, மாதம் லட்சத்துக்கு மேல் வரும் என்று ஏஜெண்ட் ஒருவர் சொல்லியிருக்கிறார். அதற்கு அவர் கேட்பது மூன்றரை லட்சம். நகையை அடகு வைத்துக் கட்டலாமா என்று எழுதியிருந்தீர்கள்.

வைக்காதீர்கள் அம்மா. ஒரு குண்டுமணித் தங்கம்கூட வேண்டாம்.

கப்பல் வேலை கெட்டது என்று இதற்குப் பொருள் இல்லை. வேலைக்குச் சேர்த்துவிடுவதற்காக மாலுமியிடம் பணம் வாங்குவதே விதிமீறல். 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை என்று ஒன்று இருக்கிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு உருவாக்கியது. 2013 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2015இல் ஏற்றது. கப்பலை ஓட்டுபவருக்கு மட்டுமின்றி, அதில் படுக்கை விரிப்பவருக்கும் பாத்திரம் கழுவுபவருக்கும் அது பொருந்தும். பாஸ்போர்ட், மாலுமிப் புத்தகமான சிடிசி, மருத்துவச் சான்றிதழ் ஆகியவற்றின் செலவைத்தான் வேலைக்குப் போகிறவரிடம் கேட்கலாம். விசாச் செலவுகூடக் கப்பல் உரிமையாளருடையது. ‘சர்வீஸ் சார்ஜ்’, ‘திருப்பித் தரும் டெபாசிட்’, ‘கம்பெனிக்குக் கட்ட வேண்டியது’ என்று எந்தப் பெயரில் கேட்டாலும் அது வேலையை விற்பதுதான்.

ஆகவே அந்த ஏஜெண்டிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: உங்கள் ஆர்பிஎஸ்எல் எண் என்ன? கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் தரும் உரிமம் அது. உரிமம் பெற்றவர்களின் பட்டியல் இயக்குநரகத்தின் இணையதளத்தில் இருக்கிறது. உங்கள் மகனே அதில் எண்ணைத் தேடி, பெயரும் முகவரியும் பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். எண்ணைக் காட்டாமல் ‘எங்கள் மெயின் ஆபீஸ் மும்பையில் இருக்கிறது’ என்று பேச்சை மாற்றினாலோ, நேர்காணலே இல்லாமல் நியமனக் கடிதம் தந்தாலோ, முதலில் சுற்றுலா விசாவில் ஏதாவது ஒரு நாட்டுக்குப் போகச் சொன்னாலோ, அங்கிருந்து எழுந்து வந்துவிட வேண்டும்.

இனி சம்பளத்துக்கு வருகிறேன். நீங்கள் கேட்காத கேள்வி இது. என்னிடம் வரும் பெற்றோர் பலரும் இதைக் கேட்பதில்லை. டாலரை ரூபாயாக மாற்றிப் பார்த்ததுமே மனம் குளிர்ந்துவிடுகிறது. உங்கள் மகனோடு உட்கார்ந்து, ஒரு தாளில் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

ஏஜெண்ட் சொல்லும் தொகை 1,200 டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு டாலருக்கு 85 ரூபாய் என்றால் 1,02,000 ரூபாய். ஆனால் கப்பல் வேலை ஒப்பந்த வேலை. ஆறு முதல் ஒன்பது மாதம் கடலில்; பிறகு ஆறு வாரமோ இரண்டு மாதமோ வீட்டில். வீட்டில் இருக்கும் நாட்களுக்குப் பெரும்பாலும் தனிச் சம்பளம் கிடையாது. விடுப்பு ஊதியத்தை மாதச் சம்பளத்துக்குள்ளேயே சேர்த்துக் காட்டிவிடுவார்கள். எட்டு மாதம் கப்பல், இரண்டு மாதம் வீடு என்றால் 9,600 டாலரைப் பத்தால் வகுக்க வேண்டும். லட்சம் இப்போது 81,600 ஆகிறது.

அடுத்தது மணிக்கணக்கு. கப்பலில் ஞாயிற்றுக்கிழமை கிடையாது. ஒப்பந்தம் முடியும் வரை வார விடுமுறை என்ற ஒன்றே இல்லை. நாளொன்றுக்குப் பத்து மணி நேரம், மாதம் முப்பது நாள் என்றால் 300 மணி நேரம். 1,200 டாலரை 300ஆல் வகுத்தால் மணிக்கு 4 டாலர். கப்பல் அமெரிக்காவின் மியாமியிலிருந்து கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்காவின் தேசியக் குறைந்தபட்சக் கூலி 2009 முதல் மணிக்கு 7.25 டாலர், கரையில் ஓட்டல் அறையைச் சுத்தம் செய்பவருக்கு அதற்குக் கீழே கொடுக்க முடியாது. உங்கள் மகன் அதே அமெரிக்கப் பயணிகளுக்கு, அதே அமெரிக்கத் துறைமுகத்திலிருந்து புறப்பட்டு, அதே வேலையைச் செய்வார். ஆனால் கப்பல் பதிவு செய்யப்பட்டது வேறு நாட்டில்; அதன் பின்புறம் பறப்பது பஹாமாஸ் கொடியோ பனாமா கொடியோ ஆக இருக்கும். வெளிநாட்டுக் கொடிக் கப்பலின் ஊழியர்களுக்கு அமெரிக்கக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் விலக்கு அளித்துவிட்டது. ஹவாய்த் தீவுகளைச் சுற்றும் ‘பிரைட் ஆஃப் அமெரிக்கா’ என்ற கப்பல் அமெரிக்கக் கொடியோடு ஓடுகிறது. அதில் அமெரிக்கத் தொழிலாளர் சட்டம் செல்லுபடியாகிறது. கொடி மாறினால் கூலி மாறுகிறது.

இது நியாயமா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். கொடுக்க முடியாத தொழில் அல்ல இது. சொகுசுக் கப்பல்களை நடத்தும் கார்னிவல் குழுமத்தின் 2024ஆம் ஆண்டு வருவாய் 2,500 கோடி டாலர்; லாபம் 190 கோடி டாலர். 2024 ஜனவரியில் முதல் பயணம் போன ‘ஐகான் ஆஃப் தி சீஸ்’ கப்பலில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள் தங்கலாம். அவர்களைக் கவனிக்கச் சுமார் 2,350 பணியாளர்கள். அந்த விடுமுறையின் இன்பம் முழுவதும் இந்த 2,350 பேரின் கைகளிலிருந்து வருகிறது.

ஆனாலும் உங்கள் மகன் போகக் கூடாது என்று நான் சொல்லமாட்டேன். சாப்பாடும் தங்குமிடமும் கப்பலில் இலவசம். சிக்கனமாக இருப்பவர் கையில் பணம் தங்குகிறது. பதினான்காயிரத்தில் வாடகையும் பஸ் கட்டணமும் போக என்ன மிஞ்சும் என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் போகட்டும், என்ன கிடைக்கும் என்று தெரிந்துகொண்டு போகட்டும். மூன்றரை லட்சம் என்பது அதே 1,200 டாலர் சம்பளத்தில் ஏறக்குறைய மூன்றரை மாத உழைப்பு. அதை ஏஜெண்டுக்குக் கொடுத்துவிட்டுப் போகிறவர், வேலை பிடிக்கவில்லை என்றாலும் கடனுக்காகவே கப்பலில் கிடக்க வேண்டியிருக்கும்.

அறைப் பணியாளர் வேலை எப்படி இருக்கும் என்று, என்னிடம் ஆலோசனை கேட்டுப் போய் இப்போது மூன்றாவது ஒப்பந்தத்தில் இருக்கும் ஒரு தம்பி விவரமாகச் சொன்னார். கடினமான நாள் பயணிகள் மாறும் நாள். முந்தைய இரவே பெட்டிகள் அறை வாசல்களில் வந்து குவிந்துவிடும். நள்ளிரவுக்குள் அவற்றைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். காலையில் பழைய பயணிகள் இறங்க இறங்க, அவர் பொறுப்பில் உள்ள பதினெட்டு அறைகளிலும் படுக்கை விரிப்பு, துண்டு, குளியலறை என எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். மதியம் ஒரு மணிக்கெல்லாம் புதிய பயணிகள் ஏற ஆரம்பித்துவிடுவார்கள். இடையில் உயிர்காப்புப் பயிற்சி வேறு. ஆரஞ்சு அங்கியை மாட்டிக்கொண்டு, தனக்குரிய இடத்தில் நின்று பயணிகளை எண்ண வேண்டும். அமெரிக்கச் சுகாதாரத் துறையின் திடீர்ச் சோதனை வந்தால் கப்பலே நடுங்கும். நூற்றுக்கு 86 மதிப்பெண் எடுத்தால்தான் தேர்ச்சி. ‘முதல் ஒரு மாதம் முதுகுவலியில் அழுதேன் சார், பிறகு உடம்பு பழகிவிட்டது’ என்றார். தூங்குவது தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, ஜன்னல் இல்லாத, இருவர் படுக்கும் அறையில். உங்கள் மகனுக்கு மூச்சுத் தொல்லையோ முதுகுத் தொல்லையோ இருந்தால் இதை இப்போதே யோசியுங்கள்.

டிப்ஸ் பற்றியும் சொல்ல வேண்டும். அறைப் பணியாளருக்கும் உணவுப் பரிமாறுபவருக்கும் வருமானத்தின் பெரும்பகுதி அதுதான். இப்போது பல கம்பெனிகள் பயணியின் கணக்கில் நாளொன்றுக்கு இவ்வளவு என்று தாமாகவே சேர்த்துவிடுகின்றன. ராயல் கரீபியன் 2023 நவம்பரில் இதைச் சாதாரண அறைகளுக்கு, ஆளுக்கு 18 டாலர் ஆக்கியது. அது ஒரே ஆளுக்குப் போவதில்லை. அறைப் பணியாளர், பரிமாறுபவர், திரைக்குப் பின்னால் இருப்பவர் என்று பலருக்குப் பிரிகிறது. பிடிக்காத பயணி வரவேற்பு மேசைக்குப் போய் அதை நீக்கச் சொல்லவும் முடியும். பயணத்தின் கடைசி நாளில் அதற்காகவே சிலர் வரிசையில் நிற்கிறார்கள். ஒருவர் எட்டு மணி நேரத்துக்கு மேல் குனிந்து நிமிர்ந்து செய்த வேலையின் கூலி, முன்பின் தெரியாத ஒருவரின் மனநிலையைப் பொறுத்திருக்கக் கூடாது. பிரிட்டனின் பி அண்ட் ஓ குரூசஸ் 2019 மே முதல் இந்தத் தனிக் கட்டணத்தை எடுத்துவிட்டு, டிக்கெட் விலைக்குள்ளேயே சேர்த்துவிட்டது. அதாவது வேறு வழி இருக்கிறது, மற்றவர்களும் செய்யலாம்.

அதனால் ஒப்பந்தத்தில் முதலில் பார்க்க வேண்டியது, டிப்ஸ் குறைந்தாலும் கம்பெனி தந்தே தீர வேண்டிய உறுதித் தொகை எவ்வளவு என்பதை. ஏஜெண்ட் சொல்லும் 1,200இல் உறுதித் தொகை 700தானா, 1,100ஆ என்பதில் உங்கள் குடும்பத்தின் கணக்கே மாறும். தேர்ந்த மாலுமிக்கான சர்வதேசக் குறைந்தபட்ச அடிப்படை ஊதியம் 2025இல் மாதம் 673 டாலராக இருந்தது. அது ஓட்டல் பிரிவு ஊழியரை நேரடியாகக் கட்டுப்படுத்தாது என்றாலும், ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோல். சமையலறை வேலையில் சம்பளம் பெரும்பாலும் நிலையானது, டிப்ஸ் குறைவு. உங்கள் மகனுக்குச் சமையலில் கை இருந்தால், கமி ஷெஃப் என்னும் இளநிலைச் சமையல்காரர் பதவியில் தொடங்கிப் படிப்படியாக மேலே போகும் பாதையையும் யோசிக்கச் சொல்லுங்கள். அந்தக் கைத்தொழில் கரைக்குத் திரும்பிய பிறகும் சோறு போடும்.

ஒப்பந்தத்தில் கூட்டுப் பேர ஒப்பந்தம், அதாவது தொழிற்சங்கம் கையெழுத்திட்ட ஊதிய ஒப்பந்தம் பற்றிய வரி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ராயல் கரீபியன் கப்பல்களின் ஊழியர்களுக்காக நார்வே மாலுமிகள் சங்கம் பேசுகிறது. இந்தியாவில் நுசி என்ற தேசிய மாலுமிகள் சங்கம் இருக்கிறது. சங்கம் இருக்கும் கப்பலை நான் எப்போதும் முதலில் வைப்பேன். காரணம், தகராறு வந்தால் தனியாளாக நீதிமன்றம் போவது கடினம். செலிபிரிட்டி குரூசஸ் கப்பலின் அறைப் பணியாளர் ஒருவர், தன் டிப்ஸிலிருந்து உதவியாளருக்குப் பங்கு கொடுக்க வைத்ததை எதிர்த்து அமெரிக்காவில் வழக்குப் போட்டார். ஊதியத் தகராறு என்றாலும் ஒப்பந்தப்படி நடுவரிடம்தான் போக வேண்டும் என்று 2007இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. நாம் போடும் கையெழுத்துக்கு அவ்வளவு பலம் உண்டு.

வேலை நேரத்துக்கும் வரம்பு இருக்கிறது. எந்த 24 மணி நேரத்திலும் பத்து மணி நேர ஓய்வு, வாரத்துக்கு 77 மணி நேர ஓய்வு. அந்தப் பத்து மணியை இரண்டுக்கு மேல் துண்டாக்கக் கூடாது. ஒரு துண்டாவது ஆறு மணி நேரம் இருக்க வேண்டும். ஓய்வு நேரப் பதிவில் ஊழியர் கையெழுத்துப் போட வேண்டும், நகல் அவருக்குக் கிடைக்க வேண்டும். வேலை செய்த நேரத்தைக் குறைத்து எழுதச் சொல்லும் மேற்பார்வையாளர்கள் உண்டு. உங்கள் மகன் தனியாக ஒரு சின்ன நோட்டில் தினமும் எழுதி வைத்துக்கொள்ளட்டும்.

உடம்புக்கு முடியாமல் போனால் சிகிச்சை கப்பல் உரிமையாளர் செலவு. சிகிச்சைக்காகக் கரையில் இறக்கிவிட்டாலும் குறைந்தது பதினாறு வாரம் ஊதியப் பொறுப்பு தொடர்கிறது. ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பும் டிக்கெட்டும் அவர்களுடையது. போகும் டிக்கெட் மட்டும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நீங்கள் பயப்படும் இன்னொன்றையும் மறைக்க விரும்பவில்லை. 2020 பிப்ரவரியில் ஜப்பானின் யோகோஹாமாவில் ‘டைமண்ட் பிரின்சஸ்’ கப்பல் கொரோனாவால் நிறுத்தப்பட்டபோது, பயணிகளை அறைக்குள் இருக்கச் சொன்னார்கள். பணியாளர்கள் அறை அறையாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்து, இரவில் பகிர்ந்துகொள்ளும் அறைகளில் தூங்கினார்கள். அவர்களில் 132 பேர் இந்தியர்கள். ஆபத்து வந்தால் கடைசியில் இறங்குகிறவர்கள் ஊழியர்கள்தான். இதைத் தெரிந்தே மகனை அனுப்ப வேண்டும்.

இப்போது செய்ய வேண்டியது இதுதான். அவசரம் இல்லை. மதுரை ஓட்டலிலோ, முடிந்தால் சென்னையில் ஒரு நட்சத்திர ஓட்டலிலோ இன்னும் ஓராண்டு அனுபவம் சேர்க்கட்டும். ஆங்கிலம் பேசிப் பழகட்டும். நேர்காணலில் உண்மையில் பார்ப்பது இந்த இரண்டையும்தான். இயக்குநரகம் அங்கீகரித்த பயிற்சி நிலையத்தில் அடிப்படைக் கடல்பாதுகாப்புப் பயிற்சிகளை முடித்து, சிடிசிக்கு விண்ணப்பிக்கட்டும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போட்டுக்கொள்ளலாம். எல்லாம் சேர்ந்தாலும் ஏஜெண்ட் கேட்கும் தொகைக்குப் பக்கத்தில்கூட வராது. ஒவ்வொன்றுக்கும் ரசீது இருக்கும்.

வேலை உறுதியானதும் கிளம்பும் மாதத்தைக் கவனியுங்கள். ஒரு நிதியாண்டில், அதாவது ஏப்ரல் முதல் மார்ச் வரை, இந்தியாவில் 182 நாட்களுக்குக் குறைவாக இருந்தால்தான் வெளிநாடுவாழ் இந்தியர் என்ற வரிச் சலுகை கிடைக்கும். நவம்பரில் ஏறி ஜூலையில் இறங்கிவிட்டு, அடுத்த மார்ச் வரை ஊரிலேயே இருந்துவிட்டால் இரண்டு ஆண்டுகளிலும் அது கைநழுவிப் போகும். இதை ஒரு ஆடிட்டரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தம் கைக்கு வந்ததும் கையெழுத்துப் போடுவதற்கு முன் எல்லாப் பக்கங்களையும் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். உறுதித் தொகை, வேலை நேரம், பிடித்தங்கள், கொடி எந்த நாட்டுடையது என்ற நான்கையும் உங்கள் மகனே பென்சிலால் கோடிட்டு அனுப்பட்டும். மற்றதை நேரில் உட்கார்ந்து படிப்போம்.