எவரையும் தெரியாத நிலையில் சமாதானப் பணியில் எவ்வாறு நுழைவது?

கேள்வி கேட்டிருப்பவர் பட்டப்படிப்பை முடித்து, ஓர் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவர். முரண்பாட்டுத் தீர்விலும் சமாதானத்தைக் கட்டியெழுப்பும் பணியிலும் முழுமையாக ஈடுபட விரும்புகிறார். இத்துறையில் தமக்கு எவரையும் தெரியாது என்றும், முதுகலைப் பட்டம் ஒன்று இருந்தால்தான் வழி திறக்குமா என்றும் கேட்கிறார். சமூக மத்தியஸ்தத்தில் தொடங்கி, பின்னர் சமாதானத் திட்டங்களில் பணியாற்றி வருபவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலாவதாக, கணக்குப் பிரிவில் இருப்பதை ஒரு குறையாக எண்ண வேண்டாம். சமாதானப் பணி என்றதும் இரு தரப்பினர் எதிரெதிரே அமர்ந்திருக்கும் மேசையும் நடுவில் இருக்கும் மத்தியஸ்தரும்தான் நம் மனத்தில் தோன்றுகின்றனர். அத்தகைய நாற்காலிகள் உலகில் மிகச் சில. வேலையின் பெரும்பகுதி அந்த மேசையைச் சுற்றியும், கையெழுத்து முடிந்த பிறகும்தான் நடக்கிறது. இந்தோனேசிய அரசுக்கும், ஆச்சே மாகாணத்தின் விடுதலைக்காக ஆயுதமேந்திப் போராடிய சுதந்திர ஆச்சே இயக்கத்துக்கும் இடையில் 2005 ஆகஸ்ட் 15 அன்று ஹெல்சிங்கியில் கையெழுத்தான உடன்படிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். பேச்சுவார்த்தையை நடத்தியவர் ஃபின்லாந்தின் முன்னாள் அதிபர் மார்ட்டி அஹ்திசாரி. அவருக்கு 2008இல் நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் அந்த உடன்படிக்கையின்படி 3,000 போராளிகள் படையிலிருந்து விடுவிக்கப்பட வேண்டும், 840 ஆயுதங்கள் ஒப்படைக்கப்பட வேண்டும், சிறையில் இருந்தவர்களுக்குப் பொதுமன்னிப்பு வழங்கப்பட வேண்டும், திரும்பி வந்தவர்களுக்கு வாழ்வாதாரம் அமைய வேண்டும். ஒப்படைக்கப்படும் துப்பாக்கி உடன்படிக்கையின் கணக்கில் சேருமா என்று இரு தரப்பும் ஏற்கும்படி முடிவு செய்யவும், பெயர்ப் பட்டியல்களைச் சரிபார்க்கவும், உதவித்தொகை உரியவரிடம் சேர்ந்ததை உறுதிப்படுத்தவும் ஆட்கள் தேவைப்பட்டனர். கணக்கில் நேர்மையும் பொறுமையும் உள்ள ஒருவருக்கு அங்கே இடம் உண்டு.

ஐக்கிய நாடுகள் சபை 2008இல் அமைத்த மத்தியஸ்த ஆலோசகர்களின் தயார்நிலைக் குழுவும் இதையே காட்டுகிறது. அழைப்பு வந்த 72 மணி நேரத்தில் புறப்படக்கூடிய அக்குழுவில் அரசியலமைப்பு, பாதுகாப்பு ஏற்பாடுகள், அதிகாரப் பகிர்வு, இயற்கை வளங்கள் போன்ற ஏதேனும் ஒரு பொருளை ஆழமாக அறிந்தவர்களே இடம்பெறுகின்றனர். துனிசியாவில் 2013இல் அரசியல் நெருக்கடி முற்றியபோது தேசிய உரையாடலை நடத்தி, 2015இல் நோபல் பரிசு பெற்ற நான்கு அமைப்புகளும் தொழிலாளர் சங்கம், முதலாளிகள் கூட்டமைப்பு, மனித உரிமைக் கழகம், வழக்கறிஞர் சங்கம் ஆகியவையே. ஆகவே, கையிலிருக்கும் தொழிலைக் கைவிட்டுவிட்டு வர வேண்டியதில்லை. அதை இன்னும் கூர்மையாக்கிக்கொண்டு, முரண்பாடுகளோடு அது எங்கே சந்திக்கிறது என்று தேடுங்கள். இழப்பீடு வழங்கல், நில உரிமைப் பதிவு, மீள்குடியேற்றச் செலவு, கொடை நிதியின் தணிக்கை ஆகியவை உங்கள் தொழிலுக்கு அருகிலேயே உள்ளன.

அத்துடன், எவரும் தவிர்க்க முடியாத அடிப்படைத் திறன் ஒன்றும் உண்டு. சண்டையிடும் இருவருக்கு நடுவில் அமர்ந்து, இருவராலும் நம்பப்படும் திறன் அது. இதைப் படித்துப் பெற முடியாது. செய்து செய்துதான் பெற வேண்டும். போர் நடக்கும் நாட்டுக்குச் சென்றுதான் இதைப் பழக வேண்டும் என்பதும் இல்லை. குடும்பத் தகராறுகள், அண்டை வீட்டார் பிணக்குகள், பணியிடப் பூசல்கள் ஆகியவற்றைக் கையாளும் சமூக மத்தியஸ்த மையங்கள் பல நாடுகளில் தன்னார்வலர்களைப் பயிற்றுவித்துச் சேர்த்துக்கொள்கின்றன. ஒருவர் கேட்பதற்கும், அவருக்கு உண்மையில் தேவைப்படுவதற்கும் இடையிலுள்ள வேறுபாட்டை அங்கேதான் கண்ணெதிரே காண முடியும். எல்லைச் சுவரை இடித்தே ஆக வேண்டும் என்று ஒருவர் பிடிவாதம் பிடிப்பார். இரண்டு மணி நேரம் பொறுமையாகக் கேட்டால், தம் தாயின் இறுதிச் சடங்கின்போது பக்கத்து வீட்டார் வழிவிடவில்லை என்ற வருத்தம் வெளிவரும். அதன் பிறகு சுவரைப் பற்றிய பேச்சே வேறு விதமாக நடக்கும். ஒருவர் சொன்னதை அவரே "ஆம், இதைத்தான் சொன்னேன்" என்று ஒப்புக்கொள்ளும்படி திருப்பிச் சொல்லுதல், எப்போது இருவரையும் தனித்தனியே சந்திக்க வேண்டும் என்று அறிதல், இரு தரப்பும் திருத்தமின்றி ஏற்கும் கூட்டக் குறிப்பை எழுதுதல் ஆகிய மூன்றையும் நன்றாகச் செய்பவர் எந்தக் குழுவிலும் விரைவில் கவனிக்கப்படுவார். கூட்டக் குறிப்பு எழுதுவதைச் சிறிய வேலையாகப் பலர் எண்ணுகின்றனர். ஒரு வினைச்சொல்லின் காலத்தை மாற்றினாலே பேச்சு முறியும் இடங்களில், அதை எழுதுபவர்தான் அறையில் மிகுந்த நம்பிக்கைக்கு உரியவர்.

அடுத்து, தொடர்புகள். இத்துறையில் தொடர்பு என்பது முகவரிகளைச் சேகரிப்பதன்று. நீங்கள் இல்லாத இடத்தில், "இவரை நம்பலாம்" என்று உங்களுக்காகச் சொல்லக்கூடியவர்கள் எத்தனை பேர், அவர்கள் ஒரே தரப்பைச் சேர்ந்தவர்களா, பல தரப்பையும் சேர்ந்தவர்களா என்பதே கணக்கு. முரண்பாட்டு ஆய்வாளர் ஜான் பால் லெடராக் சமூகத்தை மூன்று அடுக்குகளாகப் பார்க்கிறார்: உச்சியில் ஆட்சியாளர்களும் படைத் தலைவர்களும், அடியில் ஊர் மக்களும், நடுவில் ஆசிரியர்கள், மதத் தலைவர்கள், சங்கப் பொறுப்பாளர்கள் போன்றோரும் இருக்கின்றனர். மேலேயும் கீழேயும் பேசக்கூடிய அந்த நடு அடுக்குக்கே அவர் சிறப்பிடம் அளிக்கிறார். என் அனுபவமும் அதையே சொல்கிறது. புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் மேல் அடுக்கிலுள்ள புகழ்பெற்றவர்களுக்கே கடிதம் எழுதுகின்றனர். பதில் வருவதில்லை என்று சோர்ந்துபோகின்றனர். தம்மோடு அதே காலத்தில் தொடங்கும் சக பணியாளர்களையும், களத்தில் பல ஆண்டுகள் இருந்தும் பெயர் வெளியே தெரியாத ஒருங்கிணைப்பாளர்களையும் அவர்கள் பார்ப்பதே இல்லை.

கென்யாவின் வஜீர் பகுதியில் 1990களின் தொடக்கத்தில் சோமாலிக் குலங்களுக்கு இடையே மோதல் நடந்தபோது, டெக்கா இப்ராஹிம் அப்தி உள்ளிட்ட சில பெண்கள் சந்தையிலிருந்துதான் தொடங்கினர். எந்தக் குலத்துப் பெண்ணும் அங்கே அச்சமின்றி வாங்கவும் விற்கவும் முடிய வேண்டும் என்பதே அவர்களது முதல் வேலை. அதன் பிறகே இளைஞர்களிடமும் குல மூத்தோரிடமும் அரசு அதிகாரிகளிடமும் சென்றனர். வஜீர் அமைதி மற்றும் வளர்ச்சிக் குழு அவ்வாறு உருவாயிற்று. லைபீரியாவின் லேமா போவீ, போரில் ஈடுபடுத்தப்பட்ட சிறுவர்களுக்கு மனநல ஆதரவு அளிக்கும் சமூகப் பணியாளராகத் தொடங்கினார். 1998இல் உருவான மேற்கு ஆப்பிரிக்க அமைதிக் கட்டமைப்பு வலையமைப்பின் பெண்கள் பிரிவோடு இணைந்த பிறகு, அவருக்கு வேறு நாடுகளின் பெண்களது அனுபவமும் துணையும் கிடைத்தன. உள்நாட்டுப் போரை நிறுத்தக் கோரி, கிறித்தவப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் ஒன்றாக அமர்ந்த 2003ஆம் ஆண்டுப் போராட்டத்தின் பின்னால் அந்தப் பிணைப்பு இருந்தது. இவ்விருவருக்கும் தொடர்புகள் வேலையிலிருந்து பிறந்தன; தொடர்புகளைத் தேடி அவர்கள் வேலைக்கு வரவில்லை.

உங்கள் நிலையில் இதை எப்படிச் செய்வது? ஒரே ஒரு முரண்பாட்டையோ ஒரே ஒரு பொருளையோ தேர்ந்துகொண்டு, குறைந்தது இரண்டு மூன்று ஆண்டுகள் அதிலேயே நிலைத்திருங்கள். எடின்பரோ பல்கலைக்கழகத்தின் தரவுத்தளத்தில் 1990 முதல் உலகெங்கும் செய்யப்பட்ட அமைதி உடன்படிக்கைகள் திரட்டி வைக்கப்பட்டுள்ளன. இழப்பீடு பற்றிய பிரிவுகளை மட்டும் எடுத்து ஒப்பிட்டு ஒரு குறிப்பு எழுதுங்கள். பிறகு அப்பொருளில் வேலை செய்யும் ஒருவருக்கு, அவருடைய அறிக்கையைப் படித்துவிட்டு, அதிலிருந்து எழும் ஒரே ஒரு கேள்வியைச் சுருக்கமாக எழுதி, உங்கள் குறிப்பையும் இணைத்து அனுப்புங்கள். வேலை கேட்காதீர்கள். அவர் விடை எழுதினால், அது உங்களுக்கு எவ்வாறு பயன்பட்டது என்று சில வாரங்கள் கழித்துத் தெரிவியுங்கள். பெரும்பாலோர் இந்த இரண்டாவது கடிதத்தை எழுதுவதே இல்லை. ஐக்கிய நாடுகள் தன்னார்வலர் திட்டத்தில் வீட்டிலிருந்தபடியே இணையவழியில் செய்யக்கூடிய பணிகளும் உள்ளன. பார்த்துவரும் வேலையை விடாமலே ஓர் அமைப்புக்கு உள்ளிருந்து அறிமுகமாக அது உதவும்.

முதுகலைப் பட்டத்தைப் பொறுத்தவரை, இப்போதே வேண்டாம் என்பதே என் கருத்து. உப்சாலா, பிராட்ஃபோர்டு போன்ற பல்கலைக்கழகங்களில் 1970களின் தொடக்கத்திலிருந்து இத்துறை கற்பிக்கப்படுகிறது. கோஸ்டா ரிக்காவில் ஐ.நா. பொதுச்சபை 1980இல் நிறுவிய அமைதிப் பல்கலைக்கழகமும் உண்டு. கல்வி தரமானதுதான். ஆனால் களத்தைப் பார்க்காமல் அங்கே செல்பவர், தம் கேள்விகள் எவை என்று அறியாமலே படித்து முடிக்கிறார். ரோட்டரி அமைப்பு முழுச் செலவையும் ஏற்று வழங்கும் அமைதி உதவித்தொகையும் முன் பணி அனுபவத்தைக் கேட்கிறது. அதற்கு முன்னர், பிலிப்பைன்ஸின் மிண்டனாவோவில் நடத்தப்படுவது போன்ற சில வாரப் பயிற்சிகளில் ஒன்றுக்குச் செல்ல முடிந்தால் செல்லுங்கள். முரண்பட்ட தரப்புகளிலிருந்து வருபவர்கள் ஒரே அறையில் படிக்கும் அத்தகைய இடங்களில் கிடைக்கும் நட்பு, பல்லாண்டுகள் கழிந்தும் ஒரு தொலைபேசி அழைப்பில் உயிர் பெறுகிறது.

பணம் பற்றி வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். இத்துறை அரசுகளின் கொடையை நம்பியிருக்கிறது. அரசுகள் மாறினால் கொடையும் மாறும். அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி நிறுவனமான யுஎஸ்எய்ட் 2025இல் கலைக்கப்பட்டபோது, எவ்வளவோ திறமையான அமைப்புகள் பாதித் திட்டத்தில் ஆட்களை வீட்டுக்கு அனுப்ப நேர்ந்தது. ஓராண்டு, ஆறு மாத ஒப்பந்தங்களே பெரும்பாலும் கிடைக்கும். வெளியிலும் விலைபோகும் தொழில் ஒன்றைக் கைவசம் வைத்திருங்கள் என்று நான் வலியுறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இறுதியாக, உங்களைப் பற்றிய நம்பிக்கையை நீங்களே கெடுத்துக்கொள்ளாமல் இருக்கவும் வேண்டும். கூட்டத்தில் யார் யாரைச் சந்தித்தீர்கள் என்று படத்தோடு சமூக ஊடகத்தில் பதிவிடும் பழக்கம் இருந்தால், இன்றே விடுங்கள். எதிர்த் தரப்பினரோடு பேசியது வெளியே தெரிந்தால் உயிருக்கே ஆபத்து நேரும் நிலையில் சிலர் அந்த அறைக்கு வந்திருப்பார்கள். ஒரு நிறுவனம் உங்களை நேர்காணலுக்கு அழைத்தால், நீங்களும் அதனிடம் கேளுங்கள்: இந்தத் திட்டத்தை ஊரார் கேட்டார்களா, கொடையாளர் கேட்டாரா, நிதி நின்ற பிறகு அங்கே யார் இருப்பார்கள், நாம் தரும் உதவி ஒரு தரப்புக்கு மட்டும் வலுச் சேர்க்காமல் இருக்க என்ன செய்திருக்கிறீர்கள்? இவற்றுக்கு நேராக விடை சொல்லத் தயங்கும் நிறுவனத்தில், சம்பளம் எவ்வளவாக இருந்தாலும், சேர வேண்டாம் என்றே சொல்வேன்.